குரல்: உத்தமன்

சதாசிவநகர் பங்களாவின் முன்வாசல் வழியாக உத்தமன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கன்னட நடிகர் சமரேந்திரா பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். பிறந்தநாள், படவிழா என்று ரசிகர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் நாட்களில் உத்தமனுக்கு மானேஜரிடமிருந்து போன் வரும். அவன் போய் அண்ணனின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அண்ணனின் கார் பின்சீட்டில் உட்காருவான். பிறகு கேட் திறக்கும்.

அந்தச் சில நிமிடங்கள் அவனுக்குப் பிடிக்கும். கார்க் கண்ணாடியில் உள்ளங்கைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். வாய்கள் திறந்து மூடும். ஏசி ஓடுகிற காருக்குள் சத்தம் வந்துசேர்வதற்குள் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். தொட்டிக்குள்ளிருந்து மீன் நம்மை இப்படித்தான் பார்க்குமோ என்று உத்தமன் நினைத்துக்கொள்வான். கை மட்டும் தானாக உயர்ந்து அசையும். அந்த அசைவுகூட அண்ணனுடையதுதான்.

கூட்டத்தில் முன்னால் நின்று 'சமரண்ணா, சமரண்ணா' என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நாகேஷ். பொம்மனஹள்ளி ரசிகர் சங்கத் தலைவன். உள்ளே இருப்பது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் உத்தமன் அவனுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவன். இருந்தாலும் கத்துவான். மறுநாள் டீக்கடையில் பார்த்தால், நேற்றைக்குக் கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கலாம் என்பான்.

சமரேந்திரா என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். வீட்டில் ராம்கி. ராம்கியின் அம்மா மங்களம், ஒரு காலத்தில் பெங்களூரிலும் சென்னையிலும் கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறந்தவள். மங்களத்தின் தங்கைதான் உத்தமனின் அம்மா. அக்கா அல்சூர் லைன் வீட்டிலிருந்து கார் ஏறிப் போனாள். தங்கை மில்லில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் இருந்துவிட்டாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி வரும், கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும். ஒரு வீட்டுக்குப் புகழும் இன்னொரு வீட்டுக்கு ஸ்வீட் பெட்டியும் வருவது உலகத்தில் நடக்காததா என்ன.

ஆனால் முகம் வந்துவிட்டது. அதே மூக்கு, அதே தாடை, புருவத்துக்கு மேலே அதே மேடு. உத்தமன் இருபது வயதில் பெரியம்மா வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு புரொடியூசர் சாம்பார் வாங்க மறந்து அவனையே பார்த்தார். அப்படி ஆரம்பித்ததுதான் அவனுடைய சினிமா வாழ்க்கை.

அவன் நடித்த படங்களை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சந்தாபுராவுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, அதையே ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனாக்கி, மறுநாள் ஆஸ்பத்திரியாக்கி, கடைசி நாளில் வில்லன் பங்களாவாக்கி எடுத்துமுடிக்கிற படங்கள். போஸ்டரில் 'சமரேந்திரா குடும்பத்திலிருந்து' என்ற வரி யானை அளவுக்கு இருக்கும். 'உத்தமன்' அதன் கால்விரல் அளவுக்கு. இன்ஸ்பெக்டர், நல்ல ரௌடி, ஊருக்காக உயிரைவிடும் அண்ணன் என்று வேஷங்கள் மாறும். முகத்தை எந்தப் பக்கம் திருப்பினால் ராம்கி மாதிரி தெரியும் என்பதுதான் எல்லா டைரக்டர்களுக்கும் கவலை. இடது பக்கம்தான். உத்தமன் வலது கன்னத்தோடு திரையில் வந்ததே கிடையாது.

குரலும் அவனுடையதல்ல. முதல் படத்திலேயே டைரக்டர் சொல்லிவிட்டார், உன் கன்னடத்தில் கன்டோன்மென்ட் தமிழ் அடிக்கிறது, முகம் ராஜா வீட்டில், பேச்சு அல்சூர் சந்தையில் என்று. அதனால் கஸ்தூரிபா ரோட்டுப் பக்கம் ஒரு பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து டப்பிங் பேசினார். சமரேந்திராவின் கரகரப்பை அப்படியே இறக்கிவைப்பார். படத்துக்குப் படம் அவரே. எப்படியும் வேறு ஒருவர் பேசப்போகிறார் என்பதால் செட்டில் வசனத்தை மனப்பாடம் செய்ய யாரும் உத்தமனைக் கட்டாயப்படுத்தவில்லை. சிறிய படங்களில் இது சகஜம். மறந்துபோனால் எண்களைச் சொல்லலாம், வாய் அசைந்தால் போதும். ஒரு படத்தில் தாயின் சிதைக்கு முன்னால் உத்தமன் கண்ணீர் வழிய, "முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு," என்று குமுறியிருக்கிறான். திரையில் அது வேறு யாருடைய குரலிலோ, வேறு யாருடைய துக்கமாகவோ வந்து நின்றது.

அந்தப் பேங்க்காரரை ஒரே ஒரு தடவை ஸ்டூடியோ கேன்டீனில் சந்தித்தான். அவர் கவுன்டரில், "ஒரு காபி, சர்க்கரை கம்மி," என்றார். உத்தமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன்னுடைய இன்ஸ்பெக்டர்களும் ரௌடிகளும் எல்லோரும் சேர்ந்து சர்க்கரை கம்மியாகக் காபி கேட்டதுபோல் இருந்தது. அவர் இவனைப் பார்த்துச் சிரித்து, இவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தனக்கே ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் இவன் முகம் தெரிவதாகச் சொன்னார். பிறகு இருவரும் காபியைக் குடித்து முடித்தார்கள்.

முதல் நாள் முதல் காட்சிக்கு நாகேஷ் ஆட்களோடு வந்துவிடுவான். அண்ணனின் தம்பி படம், வராமல் இருக்க முடியுமா? கட்-அவுட்டுக்குப் பால், வாசலில் பூசணிக்காய், உள்ளே பைபையாகக் கிழித்த காகிதம். திரையில் அந்த மூக்கும் தாடையும் தெரிந்தவுடன் ஆரம்பிக்கும் விசில், முகம் திரையை விட்டுப் போகும்வரை நிற்காது. உத்தமனின் மனைவி சாந்தகுமாரி கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் டெய்லர். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து அந்த இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போகும் வழியில், "அந்த ஆஸ்பத்திரி சீன்ல என்னாங்க சொன்னீங்க?" என்று கேட்பாள். உத்தமன் வசனத்தைச் சொல்லிக் காட்டுவான். பஸ்ஸில், ஜன்னலோரம், தன் குரலில். அந்தப் படங்களில் அவன் பேசிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

படங்கள் இல்லாத நாட்களில் உத்தமன் ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகும் ஷட்டில் வேன் ஓட்டினான். காலையில் பொம்மனஹள்ளியில் ஆட்களை ஏற்றி வைட்ஃபீல்டில் இறக்கவேண்டும். சில்க் போர்டு சிக்னல் தாண்டி வண்டிகள் அசையாமல் நிற்கும்போது வெயில் பஸ் கூரைகளின் மேல் மெதுவாக ஊர்ந்துவரும். உள்ளே எல்லோரும் காதில் ஒயரோடு கண் மூடியிருப்பார்கள். தூங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கனவின் நடுவே ஊர்ந்துகொண்டிருப்பதுபோல் அவனுக்குத் தோன்றும்.

அப்படி ஒரு காலையில், ஏன் லேட் என்று கேட்ட ஒருவருக்கு உத்தமன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு தண்ணீர் லாரிக்காரனுக்கும் டிராஃபிக் போலீஸுக்கும் நடந்த தகராறை, இரண்டு பேர் பேச்சையும் தானே பேசி, நடுவில் ஹார்ன் சத்தத்தையும் போட்டு. பின்சீட்டிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவள், பெயர் அதிதி. வாரக் கடைசிகளில் குறும்படம் எடுப்பவள், இப்போது பெரிய படம் ஒன்றுக்குக் கதை எழுதி வைத்திருந்தாள்.

"அண்ணா, நீங்க நடிப்பீங்களா?"

உத்தமன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நீங்க அவருக்கு என்ன வேணும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நடிப்பீங்களா என்று யாரும் கேட்டதில்லை. அவள் தமிழ்நாட்டுக்காரி, சமரேந்திராவின் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் நடித்த படங்களின் பெயர்களைச் சொன்னபோது அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, இதில் உங்க குரல் எங்கே என்று கேட்டாள்.

படத்தின் பெயர் 'எந்த ஃப்ளாட்'. வைட்ஃபீல்டு அபார்ட்மென்ட் ஒன்றின் செக்யூரிட்டி கார்டைப் பற்றிய கதை. வருகிறவர்களிடம் கன்னடம், வீட்டில் தமிழ், அசோசியேஷன் செக்ரட்டரியிடம் மூன்று வார்த்தை இங்கிலீஷ் என்று காலம் தள்ளும் ஒரு மனிதன். பேசுவதை ஷூட்டிங்கிலேயே பதிவுசெய்யப் போவதாக அதிதி சொன்னாள். டப்பிங் கிடையாது.

முதல் நாள் சவுண்டு பார்க்கிறவர் உத்தமனின் சட்டைக்குள் சின்ன மைக்கைச் சொருகிவிட்டு, லெவல் பார்க்க ஏதாவது பேசச் சொன்னார். உத்தமன் பழக்கத்தில், "ஒண்ணு, ரெண்டு," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிறகு சாந்தகுமாரி காலையில் என்ன குழம்பு வைத்தாள், அதில் ஏன் உப்பு கம்மி என்று சொன்னான். சவுண்டுக்காரர் ஹெட்ஃபோனை எடுத்து அவன் காதில் வைத்து, பதிந்ததைப் போட்டுக் காட்டினார். கொஞ்சம் கீச்சென்று, மூக்கில் ஏறி இறங்கும் ஒரு குரல் உப்பைப் பற்றிப் புகார் சொன்னது. இறந்துபோன அப்பாவின் சாயல் அதில் இருந்தது. உத்தமன் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. இன்னொரு தரம் போடுங்க சார் என்றான்.

அந்த ஷூட்டிங் முழுக்க அவன் பாதி மிதந்துகொண்டிருந்தான். வலது கன்னத்தை எடுத்தார்கள். முதுகை எடுத்தார்கள். வசனங்களை ஷட்டில் ஓட்டும்போதே பாடமாக்கினான், எண்களுக்கு வேலையே இல்லை. டைட்டிலில் பெயர் எப்படிப் போடலாம் என்று அதிதி கேட்டபோது ஒரே ஒரு ஆசையைச் சொன்னான். நடிப்பு என்பதோடு குரல் என்றும் போடவேண்டும். அவள் சிரித்தாள். "வேற யார் குரல்ணா வரப்போகுது?" போடும்மா என்றான். முதல் முதலாக அவனுக்கு சினிமாவிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது. ஒரு தியேட்டர், அதில் நாலு பேர், அவன் பேசுவது அவர்கள் காதில் விழவேண்டும். அவ்வளவுதான்.

படம் முடிந்தபோது மங்களம் பெரியம்மாவின் பிறந்தநாள் வந்தது. உத்தமன் வழக்கம்போல் முன்வாசல் வழியாகப் போய்க் கையசைத்துவிட்டு, ஒரு சுற்று சுற்றி, சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தான். பெரியம்மா டிவியில் தன்னுடைய பழைய படம் ஒன்றைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் படத்தில் தானே பேசியிருப்பதாகச் சொன்னான்.

"அதுக்கு என்னடா அவசரம்? அந்தப் பேங்க்காரர் நல்லாத்தானே பேசறார்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் ராம்கி பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், என்ன செய்தாலும் பெரிதாகச் செய்வார். ரிலீஸ் அன்று தான் வந்து முதல் காட்சி பார்ப்பதாகச் சொன்னார். எந்தச் சின்னப் பட முதலாளியும் கனவில்கூடக் கேட்கத் துணியாத வரம் அது. அவர் வந்தால் ஊரே வரும். படம் தப்பித்துவிடும். உத்தமனின் நாக்கில் நன்றி வந்து நின்றது. கூடவே காருக்குள் கேட்கிற அந்தத் தண்ணீருக்கடிச் சத்தமும் வந்தது.

"வேணாண்ணா," என்றான்.

ராம்கி பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். இந்த முகத்திலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. பிறகு, "சரிடா," என்றார். கோபத்தில் சொன்னாரா, குழப்பத்திலா என்று உத்தமனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இந்த விஷயத்தை அவன் படத்துக்குப் பணம் போட்ட மஞ்சுநாத்திடம் சொல்லவில்லை. மஞ்சுநாத் டைல்ஸ் கடைக்காரர், அதிதியின் தோழியின் அப்பா. அவருக்கு ஒரே நம்பிக்கை முதல் நாள் ரசிகர்கள்தான். சங்கத்துக்குச் சொல்லிவிட்டாயா என்று தினமும் போன் செய்தார். உத்தமன் ஒரு நாள் சாயங்காலம் நாகேஷின் கடைக்குப் போனான்.

நாகேஷ் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தான். மெஷினிலிருந்து ஒரு பேனர் வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் சமரேந்திரா, வலது பக்கம் உத்தமன், நடுவில் ஒரு சிங்கம். சிங்கத்தின் வால் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

"நாகேஷு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத."

"கேளுண்ணா."

"இந்தப் படத்துக்கு ஆளுங்களக் கூட்டினு வராத."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாகேஷ் அதை நிறுத்தினான். "ஏன், நாங்க என்னா பண்ணோம்?"

அவர்கள் ஒன்றும் பண்ணவில்லை, இத்தனை வருஷம் தன் படங்களுக்கு முதல் நாள் ஆள் வந்ததே அவர்களால்தான் என்று உத்தமன் சொன்னான். ஆனால் அந்த விசிலில் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை.

"நீ எங்கண்ணா பேசின? அது பேங்க்காரரு பேசறது. அது கேட்டா என்னா, கேக்கலன்னா என்னா."

"இதுல நான் பேசியிருக்கேன்டா."

பாதியில் நின்ற பேனரில் தன் முகத்தையும் அண்ணன் முகத்தையும் உத்தமன் பார்த்துக்கொண்டிருந்தான். மை இன்னும் காயவில்லை.

"மழைல நின்னு உன் கட்-அவுட்டுக்குப் பால் ஊத்தியிருக்கோம்," என்றான் நாகேஷ். "பெரிய அண்ணன் படத்துக்குக்கூட சில பேரு டிமிக்கி குடுப்பானுங்க. உனக்கு எல்லாரும் வந்தாங்க. பாவம், நம்ம ஏரியா ஆளுன்னு வந்தாங்க. இப்ப நாங்க சத்தமாய்ட்டோமா?"

அப்படிச் சொல்லவில்லை என்றான் உத்தமன். வர வேண்டும் என்றிருந்தால் வரட்டும், ஆனால் சத்தம் மட்டும் கூடாது, ஒரு சத்தமும் கூடாது என்றான். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, பின்னால் மெஷின் ஓடும் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

வீட்டில் சாந்தகுமாரி அவனைத் திட்டினாள். அவங்க மனச நோகடிச்சிட்டு எந்தக் கொரல யாருக்குப் போட்டுக் காட்டப்போற என்றாள். தியேட்டர் காலியாக இருந்தால் காலி நாற்காலிகளிடம் பேசவேண்டியதுதான் என்றாள். இரவுச் சோற்றைப் பரிமாறும்போது சற்று இறங்கிவந்து, நான் ஒருத்தி வர்றேன் இல்ல, அது போதாதா என்று கேட்டாள். உத்தமன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.

ரிலீஸ் அன்று காலைக் காட்சிக்கு தியேட்டர் வாசலில் கட்-அவுட் இல்லை, பால் இல்லை, பூசணிக்காய் இல்லை. மஞ்சுநாத் கவுன்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே லேசான தூறல். மழைக்கு ஒதுங்கியவர்கள் சிலர், ஒரு காதல் ஜோடி, அதிதியின் ஆபீஸ் ஆட்கள் பத்துப் பேர். அவ்வளவுதான் என்று உத்தமன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது நாகேஷ் வந்தான்.

பின்னால் அவன் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். ஆட்டோக்காரர்கள், ஃபேக்டரி ஆட்கள், காய்கறி மண்டிக்காரர்கள், எல்லோரும். தோளில் துண்டு இல்லை, கையில் காகிதப் பை இல்லை. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். உத்தமனுக்கு ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் இல்லை. உள்ளே போய் நடு வரிசைகளில் நிரம்பி உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

உத்தமன் சாந்தகுமாரியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அதிதி அவர்களுக்குப் பக்கத்தில். விளக்கு அணைந்தது. டைட்டிலில் 'நடிப்பு, குரல்: உத்தமன்' என்று வந்தது. நடு வரிசையில் எவனோ ஒருவனின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போனது. "சும்னிரு," என்று நாகேஷ் கன்னடத்தில் அதட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டது கடைசி வரிசைவரை கேட்டது.

பிறகு திரையில் ஒரு செக்யூரிட்டி கார்டு வந்து நின்று, வருகிறவர்களிடம் பேசினான். கொஞ்சம் கீச்சென்ற, மூக்கில் ஏறி இறங்கும் குரல். அது தியேட்டர் முழுக்கப் பரவி, சுவர்களில் பட்டு, உத்தமனிடம் திரும்பி வந்தது. அவனுக்கு உடம்பு லேசாகிப்போனது. நாற்காலியின் கைப்பிடியை விட்டால் கூரைக்குப் போய்விடுவோம் என்று பயந்தவன்போல் பிடித்துக்கொண்டான். சாந்தகுமாரி அவன் கை மேல் கை வைத்தாள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவன் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது.

அரைமணி நேரம் கழித்துத்தான் அவனுக்கு ஏதோ தப்பாகப் பட்டது. யாரும் சிரிக்கவில்லை. கார்டு செக்ரட்டரியிடம் இங்கிலீஷ் பேசும் இடம் வந்தது, போனது. நாய்க்கு விசிட்டர் பாஸ் எழுதும் இடம் வந்தது. ஷூட்டிங்கில் கேமராமேன் அங்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ஷாட்டைத் திரும்ப எடுத்தார்கள். இப்போது ஒரு சத்தம் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்கள்போல் நிறுத்திக்கொண்டார்கள். அதிதி நகத்தைக் கடித்தாள். "புடிக்கலயாண்ணா அவங்களுக்கு?" என்று இருட்டில் கேட்டாள்.

உத்தமன் நடு வரிசைகளை உற்றுப் பார்த்தான். திரை வெளிச்சத்தில் தலைகள் நேராக நின்றன. இப்படி ஒரு கூட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தான். சங்கத்தில் எவராவது தவறிப்போனால் டீக்கடைக்கு எதிரே பெஞ்சுகளைப் போட்டு இப்படித்தான் உட்காருவார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே மௌனம் அஞ்சலி மௌனம். ஒரு சத்தமும் கூடாது என்று அவன்தான் சொன்னான். ஓரத்தில் இருந்த ஒரு ஆட்டோக்காரர் கைக்குட்டையை வாய்க்குள் திணித்து வைத்திருந்தார். தோள்கள் ஆடின. பக்கத்தில் இருந்தவன் அவரை முழங்கையால் இடித்து அடக்கினான்.

உத்தமன் எழுந்தான். திரையில் தன் குரல் யாரிடமோ வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க, இருட்டில் படிகளைத் தடவித் தடவி இறங்கினான். இறங்கி முடிக்கவே வெகு தூரம்போல் இருந்தது. நாகேஷின் வரிசைக்குப் போய்க் குனிந்தான்.

"நாகேஷு, சிரிக்கலாம்டா."

நாகேஷ் திரும்பவில்லை. "நீதானேண்ணா சொன்ன."

"சொன்னேன். விசில் வேணாம்னு சொல்ல வந்து என்னென்னமோ சொல்லிட்டேன். சிரிப்பு வந்தா சிரிங்கடா."

"அப்புறம் எங்களச் சத்தம்னு சொல்லமாட்டியே?"

"சொல்லமாட்டேன்."

நாகேஷ் அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. அது கோபத்தில் வந்ததா, இவ்வளவு நேரம் அடக்கிய சிரிப்பில் வந்ததா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அவன் பக்கத்து ஆளின் காதில் சொன்னான். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். சிரிக்கலாமாம், சிரிக்கலாமாம் என்று அந்த உத்தரவு கோயிலில் விபூதித் தட்டு நகர்வதுபோல் வரிசை வரிசையாக நகர்ந்தது. உத்தமன் மேலே ஏறிப்போக நேரமில்லாமல் நடைபாதைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திரையில் மதிய வெயில். கார்டின் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு கேட்டுக்கு வந்து நிற்கிறாள். புது செக்ரட்டரி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃப்ளாட்டிலிருந்து சம்மதம் வராமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அன்றைக்குத்தான் வந்த சட்டம். கார்டு விறைப்பாக நின்று, எந்த ஃப்ளாட் என்று பெண்டாட்டியிடம் கேட்கிறான். அவள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். சோறு உனக்குத்தான் என்கிறாள். அவன் பதிவுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டு, கேட்டில் இருக்கும் போனை எடுத்து, தன்னுடைய நம்பரையே அழுத்துகிறான். அவன் சட்டைப்பையில் மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. மாடியைப் பார்த்தபடி அவன் பொறுமையாகக் காத்திருக்கிறான்.

"எடுக்கலியேம்மா," என்கிறான் கடைசியில். "ஆளு ஊட்ல இல்ல போலருக்கு."

முதலில் அந்தக் கைக்குட்டை ஆட்டோக்காரர் உடைந்தார். பிறகு நடு வரிசைகள் மொத்தமாக உடைந்தன. அரைமணி நேரம் அடக்கிவைத்திருந்த நாய்க்கான சிரிப்பும், இங்கிலீஷுக்கான சிரிப்பும், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு இடத்தில் கொட்டியது. ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். காதல் ஜோடி சிரித்தது. கதவோரம் நின்றிருந்த மஞ்சுநாத், எதற்கு என்று தெரியாமலே சிரித்தார். ஒருவன் நாற்காலியின் முதுகை அடித்தான்.

திரையில் உத்தமனின் உதடுகள் அசைந்தன. அடுத்த வரி. ஷட்டில் ஓட்டும்போது, சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது, அவன் சரியாக வரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்த வரி. அது அந்தச் சிரிப்புக்குள் மூழ்கிப்போய்விட்டது. படியில் உட்கார்ந்திருந்தவனுக்கே கேட்கவில்லை.

அவனுக்கு முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் பக்கம் சாய்ந்தார். "ஏனந்தா குரு? அப்புறம் என்னா சொன்னான்?"

"சாப்பாட்ட வெச்சுட்டுப் போம்மா, அந்தாளு வந்தா குடுத்துடறேன்னான்," என்றார் மற்றவர். அவரும் மூக்கில் கொஞ்சம் ஏற்றி, கீச்சென்றுதான் சொன்னார்.